முதல் அடியிலிருந்து சிங்கிள் ஹேண்டிகேப் வரை: தோட்டப்புற ஆட்டக்காரருக்கு எத்தனை ஆண்டு பிடிக்கும்?

வேலைக்குப் போகிற முப்பது வயதுக்காரர் ஒருவர், வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் ஒதுக்கி, கோல்ஃப் மட்டையை இன்றுதான் முதன்முதலாகத் தொடுகிறார் என்றால், சிங்கிள் ஆவதற்கு, அதாவது ஹேண்டிகேப் என்ற திறமை எண் (குறையக் குறைய நல்லது) ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவதற்கு, நான்கிலிருந்து ஆறு ஆண்டு ஆகும். அதே ஆள் 5க்குக் கீழே இறங்க இன்னும் மூன்று நான்கு ஆண்டு வேண்டும்; பெரும்பாலானவர்கள் அங்கே போய்ச் சேர்வதே இல்லை. வாரத்துக்கு ஒரே ஒரு ஆட்டம், இடையில் பயிற்சியே கிடையாது என்றால் 16, 18 என்ற அளவில் பத்து வருடம் நின்றுவிடலாம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத்தில் எந்தக் காப்பிக் கடையில் கேட்டாலும் அப்படி நின்றுபோன நாலு பேரைக் காட்டுவார்கள்.

ஏன் நிற்கிறார்கள், நிற்காமல் போக எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. பெரிய நகரத்து வசதிகள் இல்லாத, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இருப்பவரை மனதில் வைத்து எழுதியது. ரேஞ்ச் (காசு கட்டிப் பந்தடித்துப் பழகும் இடம்) பக்கத்தில் இருக்காது. மாலை மழை வாரத்தில் மூன்று நாளைத் தின்னும். ஆனால் நிழலும் திடலும் உண்டு, ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் உண்டு. அதை வைத்தே நிறையச் செய்யலாம்.

அந்த எண் எதைச் சொல்கிறது

இலக்கைத் தவறாகப் புரிந்துகொண்டால் பயிற்சியும் தவறாகும், அதனால் கணக்கு முதலில். 2020 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறை வந்தது. உங்கள் கடைசி 20 சுற்றில் சிறந்த 8 சுற்றின் சராசரிதான் உங்கள் எண். உச்ச வரம்பு 54.0. தொடங்குவதற்கு மொத்தம் 54 குழி ஆடியிருந்தால் போதும். அதாவது 18 குழிச் சுற்று மூன்று. அந்த மூன்றில் மிகச் சிறந்ததை எடுத்து அதிலிருந்து 2.0 கழித்து முதல் எண்ணைத் தருவார்கள்.

சிறந்த சுற்று என்பது வெறும் ஸ்கோர் அல்ல. மைதானம் எவ்வளவு கடினம் என்பதும் அதில் சேரும். மைதானத்துக்குக் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்கோர்), ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பது) என இரண்டு எண்கள் உண்டு. ஸ்லோப் 55இலிருந்து 155 வரை இருக்கும், 113 நடுத்தரம். ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும். ரேட்டிங் 70.4, ஸ்லோப் 121 உள்ள மைதானத்தில் 88 அடித்தால்: 88 கழித்தல் 70.4, அதாவது 17.6, அதை 113ஆல் பெருக்கி 121ஆல் வகுத்தால் 16.4. அன்றைய ஆட்டத்தின் மதிப்பு அதுதான். தட்பவெப்பம் கெட்ட நாளுக்கு ஒரு சிறு திருத்தம் சேரும். அதைக் கணினியே போட்டுக்கொள்ளும்.

இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். அதே மைதானத்தில் 9 என்ற எண் வேண்டுமானால் சிறந்த எட்டுச் சுற்றுகளின் சராசரி ஏறத்தாழ 80 ஆக இருக்க வேண்டும். எல்லா 20 சுற்றின் சராசரியும் அதைவிட இரண்டு மூன்று அடி கூடுதலாக, 82, 83 என்று இருக்கும். சிங்கிள் என்றால் தினமும் 79 அடிப்பவர் என்று நினைத்து மனம் தளர்பவர்கள் நிறையப் பேர். தேவை அது இல்லை. மோசமான நாளிலும் 88ஐத் தாண்டாமல், நல்ல நாளில் 79ஐத் தொட்டுவிட்டு வருகிற ஆட்டம்தான் தேவை.

ஒரு குழியில் எழுதிக்கொள்ளக்கூடிய உச்சமும் வரம்புக்கு உட்பட்டது: பார் (அந்தக் குழிக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கை), அதற்கு மேல் இரண்டு, அத்தோடு அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடி. ஒரு குழியில் 11 அடித்துவிட்டு அந்தச் சுற்றே போயிற்று என்று அட்டையைக் கிழிக்கத் தேவையில்லை.

தோட்டத் துரைமார் காலத்தில் போட்ட 9 குழி மைதானங்களில் ஆடுபவர்களுக்கு நல்ல செய்தி: 2024 திருத்தத்துக்குப் பிறகு 9 குழி ஸ்கோர் இன்னொரு 9 குழிக்காகக் காத்திருப்பதில்லை. எதிர்பார்க்கப்படும் ஸ்கோரோடு சேர்த்து உடனே 18 குழிக்கான மதிப்பாக மாற்றிவிடுகிறார்கள். மைதானம் முறையாக மதிப்பிடப்பட்டதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாலை ஐந்து மணிக்கு ஆடும் ஒன்பது குழியும் கணக்கில் ஏறும். மலேசிய கோல்ஃப் சங்கத்தோடு இணைந்த கிளப் ஒன்றின் வழியாக எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்; வாய்க்கணக்கு ஹேண்டிகேப்பை வைத்து முன்னேற்றத்தை அளக்க முடியாது.

எத்தனை மணி நேரம்

ஆண்டுகளைவிட மணிக்கணக்கு நேர்மையானது. வாரம் 8 மணி, ஆண்டுக்கு 48 வாரம் என்றால் 384 மணி நேரம். தீபாவளி, தைப்பூசம், கல்யாணம், காய்ச்சல் எல்லாம் கழிந்தால் 350 வரும். அந்த வேகத்தில் எங்கள் கணிப்பு இது. முதல் ஆண்டு முடிவில் 28க்கும் 32க்கும் இடையில். இரண்டாம் ஆண்டு 20 பக்கம். மூன்றாம் ஆண்டு 15. அதிலிருந்து 9க்கு இறங்க ஒன்று முதல் மூன்று ஆண்டு. இருபதிலிருந்து பதினைந்துக்கு இறங்குவது எளிது. பதினைந்திலிருந்து ஒன்பதுக்கு இறங்குவதுதான் மலை ஏற்றம்.

முழு நேரமும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெயர் பெற்ற முயற்சி உண்டு. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் புகைப்படக்காரராக இருந்த டான் மெக்லாக்லின், கோல்ஃப் அனுபவமே இல்லாமல், 2010இல் வேலையை விட்டு 10,000 மணி நேரப் பயிற்சியைத் தொடங்கினார். குழிக்குப் பக்கத்தில் பட்டிங்கோடு (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடியோடு) ஆரம்பித்து, படிப்படியாகப் பின்னால் நகர்ந்தார். சுமார் 6,000 மணி நேரத்தில், 2015இல், முதுகு பாதித்து நின்றுவிட்டது. அவர் தொட்ட மிகக் குறைந்த எண் 2.6. வேறு வேலையே இல்லாத ஒரு பெரியவருக்கு எவ்வளவு தூரம் சாத்தியம் என்பதையும், உடம்பு எங்கே நிறுத்தும் என்பதையும் இது சேர்த்தே காட்டுகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே ஐந்தாறு ஆண்டில் சிங்கிள் ஆகிறவர் எதிலும் குறைந்தவர் இல்லை.

பள்ளி வயதில் தொடங்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பாதிக் காலத்திலேயே எட்டிவிடுவார்கள். ஐம்பதுக்கு மேல் தொடங்குபவர் தூரத்தை இழப்பதால் இரண்டு மூன்று ஆண்டு கூட்டிக்கொள்ளலாம். ஹாக்கி ஆடியவர்களுக்குக் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும், ஆறு மாதம் மிச்சம். ஆனால் பந்தைத் தாழ்வாக வைத்திருக்கக் கைகளை முன்னே தள்ளும் ஹாக்கிப் பழக்கம் கோல்ஃபில் பந்தைத் தாழவும் வலப்பக்கமும் அனுப்பும். அதை முதல் மாதமே களைய வேண்டும்.

முதல் மூன்று மாதம்: பிடி, நிலை, அடி விழும் இடம்

முதல் செலவு மட்டைக்கு வேண்டாம், பயிற்சியாளருக்கு. மூன்று மாதத்தில் ஆறு பாடம், பதினைந்து நாளுக்கு ஒன்று. பிடி, நிற்கும் நிலை, குறி பார்க்கும் கோணம் மூன்றையும் நேரில் ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும். உங்கள் தவறை உங்களால் உணர முடியாது. தவறான பிடியோடு 300 மணி நேரம் பழகியவர் அதை மாற்றும்போது ஆறு மாதம் பின்னால் போவார். பாதிப் பேர் பொறுமை இழந்து பழைய பிடிக்கே திரும்பிவிடுவார்கள். பழைய மட்டை செட் ஒன்று போதும். 6 முதல் 9 வரை அயர்ன், பிட்சிங் வெட்ஜ், 56 பாகை வெட்ஜ், ஒரு ஹைப்ரிட், டிரைவர், பட்டர். வாங்கும்போது கைப்பிடி ரப்பர் வழவழப்பாகிவிட்டதா என்று பாருங்கள். வழவழத்தால் மாற்றிவிடுங்கள், நம் ஊர் வியர்வையில் வழுக்கும் பிடியை இறுக்கிப் பிடித்தே தோள் இறுகிவிடும்.

இனி வீட்டுக்குப் பக்கத்தில் செய்யக்கூடிய மிக முக்கியமான ஒரு பயிற்சி. இதற்குப் பந்தே வேண்டாம்.

புல்தரையில் கோலப்பொடியால் பத்தடி நீளத்துக்கு நேர்கோடு இழுங்கள். கோடு உங்கள் இரு பாதங்களுக்கு நடுவே, குறிக்குச் செங்குத்தாக இருக்கட்டும். 9 அயர்னை எடுத்து, பந்து கோட்டின் மேல் இருப்பதாக நினைத்து வீசுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு அடி பின்வாங்கி, கோட்டின் புதிய இடத்தில் அடுத்தது. பத்து வீச்சு முடிந்ததும் குனிந்து பாருங்கள். மட்டை புல்லைத் தொட்ட தடம் கோட்டில் தொடங்கி, குறியின் பக்கமாக நான்கு விரல் அகலம் போயிருக்க வேண்டும். தடம் கோட்டுக்குப் பின்னாலேயே தொடங்கியிருந்தால் அது பந்துக்கு முன் மண்ணை அடிக்கும் அடி. புதியவருக்குப் பத்தில் ஏழு அப்படித்தான் இருக்கும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று நினைத்து எடையை வலது காலிலேயே வைத்திருப்பது. பந்தைத் தூக்குவது மட்டையின் சாய்வு. நம் வேலை இல்லை. இடது காலில் எடை வந்து சேர்ந்த பிறகு மட்டை தரையைத் தொட்டால் தடம் தானாக முன்னே நகரும். பத்தில் எட்டு சரியாக விழும்வரை ரேஞ்சுக்குக் காசு கட்டாதீர்கள்.

இரண்டாவது சோதனை முகப்பவுடர். மட்டை முகத்தில் லேசாகத் தடவி ஒரு பந்தை அடித்தால், பந்து பட்ட இடம் வட்டமாகப் பளிச்சென்று தெரியும். நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் தூரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். நுனியில் பட்டுக்கொண்டே இருந்தால் பந்துக்கு மிகத் தள்ளி நிற்கிறீர்கள் அல்லது வீசும்போது பின்வாங்குகிறீர்கள். தண்டோடு சேரும் இடத்தில் பட்டால் எடை விரல் நுனிக்குப் போகிறது; குதிகாலுக்குச் சற்றுத் தள்ளிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊர்த் திடலில் நிஜப் பந்து வேண்டாம். லயன் வீட்டுத் தகரக் கூரைக்குப் போகிற பந்து குழந்தையின் தலைக்கும் போகும். திடலுக்கு ஸ்பாஞ்ச் பந்து அல்லது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து.

ஒன்பது அடி எங்கிருந்து வரும்

18இலிருந்து 9க்கு வர ஒன்பது அடி குறைய வேண்டும். அது எங்கே ஒளிந்திருக்கிறது? பட்டிங்கில் என்றுதான் பலரும் சொல்வார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களின் ஒவ்வோர் அடியையும் அளந்து காட்டியது வேறு: இரு ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு வெளியிலிருந்து அடிக்கும் அடிகளில் இருக்கிறது. ஆக ஒன்பதில் ஆறு நீள அடிகளில், மூன்று மட்டும் சிப் (குழிக்கு அருகிலிருந்து பந்தைச் சற்றே தூக்கிப் போடும் அடி), பட்டிங்கில்.

லூசியஸ் ரிச்சியோ கண்ட ஒரு விதி இதை இன்னும் எளிமையாக்கும். ஒரு சுற்றில் எத்தனை கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை) உரிய அடியில் எட்டினீர்கள் என்று எண்ணுங்கள். பார் 3இல் முதல் அடியில், பார் 4இல் இரண்டாவதில், பார் 5இல் மூன்றாவதில். அதை இரண்டால் பெருக்கி 95இலிருந்து கழித்தால் உங்கள் ஸ்கோர் ஏறத்தாழ வந்துவிடும். மூன்று கிரீன் எட்டினால் 89. ஐந்துக்கு 85. ஏழுக்கு 81. எட்டுக்கு 79.

சிங்கிள் ஆவது என்றால் நல்ல நாளில் ஏழெட்டு கிரீன், சாதாரண நாளில் ஐந்தாறு. இந்த ஒரே எண்ணைத்தான் நான்கு ஆண்டும் துரத்த வேண்டும். மளிகைக் கடைக் கணக்குக்கு வாங்குவோமே, அந்த 555 குட்டிப் புத்தகம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குழிக்கு ஒரு வரி: முதல் அடி ஆட்டத்தில் இருந்ததா, கிரீன் எட்டியதா, எட்டாவிட்டால் எந்தப் பக்கம் தவறியது, எத்தனை பட், டபுள் போகியா (பாருக்கு மேல் இரண்டு அடியா). ஐந்து சுற்று எழுதிய பிறகு படித்துப் பாருங்கள். பெரும்பாலோருக்குத் தவறிய கிரீன்களில் பாதிக்கு மேல் குட்டையாக விழுந்திருக்கும். பின்னால் போனது ஒன்றிரண்டு. ஏழு அயர்னில் எப்போதோ ஒருமுறை 150 மீட்டர் போனதை வைத்து எல்லா நாளும் 150 என்று நம்புவதால் வருவது இது. மழைக்காலத்தில் ஈரத் தரையில் உருள்வதும் இல்லை.

இதற்கு மருந்து: ஒவ்வொரு மட்டைக்கும் இருபது பந்து அடித்து, மிக நீண்ட மூன்றையும் மிகக் குட்டையான மூன்றையும் விட்டுவிட்டு, மீதி எங்கே விழுந்தது என்று அடி அளந்து எழுதுங்கள். உருண்டு நின்ற இடம் வேண்டாம், விழுந்த இடம். அந்தத் தூரத்தை நம்புங்கள். கொடி கிரீனின் இடது ஓரத்தில் இருந்தாலும் நடுக் கிரீனைக் குறி வையுங்கள். இந்த இரண்டை மட்டும் செய்து, வீச்சில் ஒன்றையும் மாற்றாமல், சுற்றுக்கு ஒரு கிரீன் கூடுதலாக எட்டலாம். அது இரண்டு அடி.

டிரைவர் 210 மீட்டர் போனால் சிங்கிளுக்குப் போதும். அதற்கு மேல் வந்தால் லாபம். ஆனால் செம்பனைக்குள் போன 240 மீட்டர் பந்தைவிட ஃபேர்வேயில் (வெட்டிய புல் நடுப்பாதையில்) கிடக்கும் 195 மேல்.

கவ் கிராஸில் சிப்

வெளிநாட்டுக் காணொளிகள் நம்மவர்களைக் கெடுப்பது இங்கேதான். அங்கே கிரீன் ஓரம் பாய் விரித்தது போல இறுகிய மெல்லிய புல். நம் பழைய மைதானங்களில் ஃபேர்வேயும் ஓரமும் கவ் கிராஸ், அகல இலையுள்ள படர்புல். பந்து மேலே உட்காராது. பாதி உள்ளே அமிழும். மழை பெய்த மறுநாள் இலை மட்டை முகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காணொளி சொல்வதுபோல் பந்தைப் பின்காலருகே வைத்து, கையை முன்னே சாய்த்து, உருட்டிவிட முயன்றால் இரண்டில் ஒன்று நடக்கும். மட்டையின் முன் விளிம்பு மண்ணில் குத்தி, பந்து இரண்டடி நகரும். அல்லது புல் பந்தைத் தடுத்து நிறுத்திவிடும். ஓரப் புல்லில் உருட்டுவது சாக்கின் மேல் உருட்டுவது மாதிரி. ஆகவே புல்லைத் தாண்டிக் கிரீன் மேலேயே பந்து விழ வேண்டும்.

56 பாகை வெட்ஜ், அடிப்பாகம் கொஞ்சம் தடித்தது. பவுன்ஸ் 10லிருந்து 14 வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பந்து நடுவில். எடை இடது காலில் அறுபது பங்கு. தண்டு ஏறக்குறைய நேராக, கை பந்துக்கு மிகச் சிறிது மட்டும் முன்னால். பின்னே எடுத்த அளவுக்கு முன்னேயும் போக வேண்டும். பயந்து பாதியில் வேகத்தைக் குறைத்தால் புல் ஜெயிக்கும். கிரீனுக்குள் ஒரு மீட்டர் தள்ளி, கண்ணுக்கு ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு அதில் விழச் செய்யுங்கள். பழக ஒரு துண்டு போதும்: 5 அடி, 10 அடி, 15 அடியில் தரையில் விரித்து, பத்தில் ஆறு பந்து துண்டில் விழுந்ததும் அடுத்த தூரத்துக்குப் போங்கள்.

20, 30, 40 மீட்டரும் இதே முறைதான். இடுப்பு உயரம், மார்பு உயரம், தோள் உயரம் என்று மூன்று வீச்சு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தூரத்தை 555இல் எழுதிவையுங்கள். இந்த இடைத்தூரத்தில் ரேஞ்சில் யாரும் பழகுவதில்லை. பார் 5இல் மூன்றாவது அடி அங்கேதான் வந்து நிற்கும்.

பட்டிங்: இரவு பதினைந்து நிமிடம்

தொழில்முறை ஆட்டக்காரர்கள்கூட 8 அடித் தூரத்திலிருந்து பாதிதான் போடுகிறார்கள். 90 அடிக்கும் ஆட்டக்காரருக்கு அந்தப் பாதி 5 அடியிலேயே வந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் 12 அடி பட் தவறியதற்காக மூன்று குழிக்கு மனம் கெட்டுப்போகாது. உழைக்க வேண்டிய இடம் இரண்டு: நான்கடிக்குள் தவறாமல் போடுவது, முப்பது அடியிலிருந்து முதல் பட்டை மூன்றடிக்குள் நிறுத்துவது.

முதலாவதற்கு இரும்பு ஸ்கேல் ஒன்றைச் சிமெண்டுத் தரையில் வைத்து, ஒரு முனையில் பந்தை வையுங்கள். மறுமுனை வரை ஸ்கேலின் மேலேயே உருண்டு போனால் முகம் நேராக இருந்தது. பக்கத்தில் விழுந்தால் இல்லை. தினமும் ஐம்பது. இரண்டாவதை மைதானத்தில் மட்டுமே பழக முடியும். ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போய், குழியைப் பார்க்காமல் தூரத்துக்கு மட்டும் பத்துப் பந்து உருட்டுங்கள்.

நம் கிரீன்களில் புல் சாய்ந்திருக்கும் திசையைப் படிக்காமல் வேகம் பிடிபடாது. குழிக்குப் பக்கத்தில் குனிந்து விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போல் சுத்தமாகவும், எதிர்ப் பக்கம் பிசிறாக, காய்ந்து பழுப்பாகவும் இருக்கும். வேர் அறுந்து காய்ந்த பக்கம்தான் புல் சாயும் பக்கம். நின்ற இடத்திலிருந்து கிரீன் வெள்ளையாக மின்னினால் புல் உங்களை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் புல் உங்களை நோக்கி இருக்கிறது, அழுத்தி அடிக்க வேண்டும். காலை ஏழரைக்குப் பனி காயாத கிரீனும், பதினோரு மணிக் கிரீனும் ஒன்றல்ல. முதல் மூன்று குழியில் குட்டையாக விட்டுக்கொண்டே இருப்பவர் பனியைக் கணக்கில் எடுக்காதவர்.

டபுள் போகியை ஒழிப்பது

15இலிருந்து 9 வரை உள்ள தூரத்தைக் கடக்க வைப்பது பேர்டி (பாருக்கு ஓர் அடி குறைவாக முடிப்பது) இல்லை. 555இல் டபுள் போகிகளை எண்ணுங்கள். சுற்றுக்கு ஐந்து இருந்தால் அதை இரண்டாக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் வரும்: முதல் அடி எல்லைக்கு வெளியே போனது, காட்டுக்குள்ளிருந்து வீரம் காட்டியது, கிரீன் ஓரத்தில் இரண்டு சிப்.

முதலாவதற்கு: எந்தக் குழியில் ஒரு பக்கம் எல்லைக் கம்பும் மறுபக்கம் பெரிய வாய்க்காலும் இருக்கிறதோ, அங்கே டிரைவர் பையிலேயே இருக்கட்டும். ஹைப்ரிட். இரண்டாவதற்கு: செம்பனை மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் அகல இடைவெளி தெரிந்தாலும், பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிடுங்கள். ஓர் அடி இழப்பு உறுதி. ஆனால் மரத்தில் மோதித் திரும்பும் பந்துக்கு மூன்று அடி. மூன்றாவதற்கு மேலே சொன்ன துண்டு.

போகி (பாருக்கு மேல் ஓர் அடி) அடித்துவிட்டு அடுத்த குழிக்கு அமைதியாக நடக்கக் கற்றுக்கொண்டவர்தான் சிங்கிள் ஆகிறார். பார் 72 மைதானத்தில், 18 குழியில் ஒன்பது போகி, ஒன்பது பார் என்றால் 81, பேர்டியே இல்லாமல்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது

விடுமுறை நாள் காலை 18 குழி, நான்கரை மணி நேரம். விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து குலை வெட்டப் போகிறவரானாலும், பள்ளி ஆசிரியரானாலும், வார நாளில் இரண்டு மாலை ஐந்தரை முதல் ஆறரை கிடைக்கும். ஒன்று ரேஞ்சில், ஒன்று திடலில் கோலப்பொடியும் துண்டும். இரவில் ஐந்து நாள் பதினைந்து நிமிடம் பட்டிங். கூட்டினால் ஏழே முக்கால் மணி வருகிறது.

ரேஞ்சில் நூறு பந்தையும் ஒரே மட்டையால் அடிக்காதீர்கள். அங்கே பிடிபட்டது மைதானத்தில் காணாமல் போவதற்கு அதுவே காரணம். பத்தாவது பந்தில் உடம்பு பழகிவிடும், மைதானத்தில் பத்தாவது பந்து கிடையாது. முப்பது பந்து ஒரு மட்டையில் வீச்சைத் திருத்த. மீதியில் ஒவ்வொரு பந்துக்கும் மட்டை மாற்றி, குறி மாற்றி, பின்னால் நின்று பார்த்து, உங்கள் மைதானத்தின் முதல் குழியிலிருந்து மனதில் ஆடிப் போங்கள்.

கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சிக்காலம். தரை இறுகிப் பந்து ஓடும். குறைந்த எண் பெரும்பாலும் அப்போதுதான் வரும், அதனால் வீச்சை மாற்றும் பாடங்களை மழை மாதங்களுக்கு ஒதுக்குங்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி உள்ளே போய்விட வேண்டும். மரத்தடி ஒதுங்கும் இடமே அல்ல. கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் பொறுங்கள். கையுறை மூன்று கொண்டுபோய் ஆறு குழிக்கு ஒன்று மாற்றுங்கள். தாகம் எடுக்குமுன் குடியுங்கள். 14ஆம் குழிக்கு மேல் மட்டும் டபுள் வருகிறதென்றால் அது பெரும்பாலும் தண்ணீர்க் குறைவு, வீச்சுக் குறை அல்ல.

நடுவழியில் சிக்கும் இடங்கள்

12, 13இல் எல்லாருமே நிற்பார்கள். ஓர் ஆண்டு எண் அசையாது. அப்போது செய்யும் தவறுகள் தெரிந்தவைதான்: புது டிரைவர் வாங்குவது, வாரம் ஒரு காணொளி பார்த்து வாரம் ஒரு வீச்சு ஆடுவது. இந்தக் கட்டத்தில் 555ஐ எடுத்துக் கிரீன் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறிக்கொண்டே எண் நின்றால் சிக்கல் பட்டிங்கில். மூன்று மாதம் அதில் மட்டும் கவனம் வையுங்கள். கிரீன் எண்ணிக்கையே நான்கில் நின்றால் பயிற்சியாளரிடம் திரும்பிப் போங்கள், அயர்ன் ஒன்றுக்காக மட்டும்.

இன்னொன்று, காக்கிகளோடு (ஆட்டக் கூட்டாளிகளோடு) பந்தயம் வைத்து ஆடும் ஆட்டம். மூன்றடி பட்டை எடுத்துக்கோ என்று விட்டுக்கொடுப்பது, முதல் குழியில் இரண்டாம் பந்து அடிப்பது எல்லாம் நட்புக்கு நல்லது, எண்ணுக்கு நஞ்சு. குழியை முடிக்காமல் விட்டால் நியாயமாக வந்திருக்கக்கூடிய ஸ்கோரை எழுத விதி இடம் தருகிறது. இரண்டாம் பந்துக்கு இடமே இல்லை. இப்படிப் பெற்ற 11, கிளப் மாதப் போட்டியில் 16ஆக விரியும்போது மனம் உடைகிறது. மாதத்துக்கு இரண்டு சுற்றாவது எல்லா பட்டையும் போட்டு முடித்து ஆடுங்கள்.

உடம்பும் ஒரு கணக்கு. ஒரே பக்கம் முறுக்கும் ஆட்டம் இது. நாள் முழுக்கக் குலை வெட்டிய முதுகோடு மாலையில் டிரைவர் எடுக்காதீர்கள். அன்று சிப், பட்டிங் மட்டும். முதுகு நேராக நின்று இடுப்பைச் சுழற்ற ஐந்து நிமிடம் தராமல் முதல் அடி அடிப்பவர்கள்தான் ஆறு வாரம் ஓய்வெடுக்க நேர்கிறது.

9.9ஐத் தொட்ட வாரம்

எண் முதல்முறையாக ஒற்றை இலக்கத்துக்கு வந்ததும், அடுத்த ஓரிரு மாதத்தில் திரும்ப 10.6 ஆகும். அதற்கு ஆட்டம் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. கடைசி 20 சுற்றின் ஜன்னல் நகர்கிறது. உங்கள் பழைய 78 இருபத்தொன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டு வெளியே விழுகிறது. எந்தெந்தச் சுற்று அந்த எட்டில் இருக்கிறது, அவை எப்போது விழும் என்று செயலியிலேயே தெரியும்; பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எண் உங்கள் ஓராண்டின் குறைந்த அளவைவிட 3.0 ஏறினால் அதற்கு மேலான ஏற்றம் பாதியாகக் குறைக்கப்படும், 5.0க்கு மேல் ஏறவே விடாது. மழை மாதத்தில் சேரும் மோசமான சுற்றுகளைக் கண்டு பதறி அட்டையைப் போடாமல் விடாதீர்கள். ஆடிய அன்றே, மட்டையைத் துடைப்பதற்கு முன், ஸ்கோரை ஏற்றிவிடுங்கள்.